கையில் தொலைபேசி இருக்கிறது, ஆனால் சீனி வருத்தக்காரர் கிளினிக்குக்கு வருவதில்லை: என்ன செய்யலாம்?

கொட்டியாரக்கரை (மூதூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுகாதாரத் தொண்டராக வேலை செய்கிறேன். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் வழிகாட்டலில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பெண்கள், நீரிழிவு உள்ளவர்களின் வீடுகளுக்கு முறைவைத்துச் சென்று வருகிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சிலர் சேர்ந்து, இரத்தத்தில் சீனி அளக்கும் குளுக்கோமீற்றர்கள் இரண்டையும் ஒரு தொடுதிரைத் தொலைபேசியையும் வாங்கித் தந்திருக்கிறார்கள்.

அந்தத் தொலைபேசியை வைத்து நாங்கள் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுபோல ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கியதுதான். குரக்கன் பிட்டு, பின்னேர நடை, பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை என்று வாரத்துக்கு மூன்று செய்திகள் போட்டோம். செய்தி போட்ட சில நிமிடங்களுக்குள் கைகூப்பும் படங்கள் வந்து நிறையும். குழுவில் எல்லோருக்கும் முதலில் "நன்றி தங்கச்சி" என்று எழுதுபவர் கடற்றொழில் செய்யும் ஓர் ஐயா. மூன்று மாதத்துக்குப் பிறகுதான் அவருடைய கால் விரல் கறுத்துவிட்டது என்றும், விரலை அகற்றவேண்டி வந்தது என்றும் அறிந்தோம். அவர் இரண்டு தவணை கிளினிக்குக்குப் போகவேயில்லை. இரவில் கடலுக்குப் போய் விடியக் கரையேறுபவர் காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்க முடியாது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் குழுவில் அவர்தான் ஆகச் சிறந்த உறுப்பினராக இருந்தார் என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது உறவுக்காரத் தம்பி ஒருவர், ஒவ்வொருவருடைய சீனி அளவையும் பதிந்து வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். வேண்டும் என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. எங்களைப் போன்ற, வைத்தியப் படிப்பு இல்லாத ஐந்து பெண்கள் இந்தத் தொலைபேசியால் உண்மையில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

வெள்ளைச் சப்பாத்து (உப்புவெளி) எழுதுகிறார்:

தங்கச்சி, நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். பல வருடங்கள் நீரிழிவுக் கிளினிக்கில் இருந்திருக்கிறேன். அந்த ஐயாவின் விரலுக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் அவருடைய கதையில்தான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. நீங்கள் அவருக்குச் செய்தி அனுப்பினீர்கள், அவரிடமிருந்து உங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. "நன்றி" என்பது செய்தி அல்ல.

கிளினிக்கில் எங்கள் பெரிய குறை என்னவென்றால், முன்னால் வந்து நிற்பவர்களை மட்டுமே எங்களுக்குத் தெரியும். வராதவருடைய கொப்பி அவருடைய வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். அவர் செத்துப்போனாரா, கொழும்புக்கு மகளிடம் போனாரா, பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை விட்டாரா என்று கேட்டறிய எங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே உங்கள் தொலைபேசியில் முதலில் இருக்கவேண்டியது சீனி அளவின் வரைபடம் அல்ல. ஆளின் பெயர், கிளினிக் இலக்கம், அடுத்த தவணைத் திகதி, வீட்டில் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது, இன்சுலின் போடுபவரா, காலில் புண் அல்லது விறைப்பு உண்டா, யாருடைய தொலைபேசிக்கு அழைத்தால் அவர் பேசுவார் ஆகியவை இருந்தால் போதும். கடைசி விடயத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். வயதானவர்கள் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. சிலரிடம் அதுவும் இல்லை. வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியை மகன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். தவணைக்கு இரண்டு நாள் முன்பு ஓர் அழைப்பு, தவணை நாள் மாலையில் "போனீர்களா" என்று இன்னோர் அழைப்பு, போகாதவர் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் ஒரு நடை. இவ்வளவையும் சதுரக்கோட்டுக் கொப்பியிலேயே செய்யலாம். தொலைபேசியில் செய்தால் திகதி தானாக நினைவூட்டும் என்பதுதான் வேறுபாடு.

குளுக்கோமீற்றரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் பிழைகள் அதிகம். விரலைக் கழுவித் துடைக்காமல் குத்தவே கூடாது. மாம்பழம் சாப்பிட்ட கையில் குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து அளவிடப்பட்டு, நல்ல மனிதருக்கு முந்நூறு காட்டும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும், ஆனால் கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பரிசோதனைப் பட்டிகளின் போத்தலைத் திறந்தபடி வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருக்கும் வெக்கையும் அவற்றைக் கெடுத்துவிடும். காலாவதித் திகதியை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

உங்கள் கருவி காட்டும் எண்ணை வைத்து ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடாது. வெறும் வயிற்றில் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் சோதித்து டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால்தான் அந்தப் பேச்சு. அறிகுறி இல்லாதவருக்கு அதையும் இன்னொரு முறை உறுதிப்படுத்துவார்கள். 35 வயதைக் கடந்தவர்களை ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கு அனுப்புங்கள். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் இந்த நிலையங்களில் பரிசோதனை இலவசம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலையே அல்ல, நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும்.

இரண்டு அவசர நிலைகளை மட்டும் ஐந்து பேரும் மனப்பாடம் செய்யுங்கள். அளவு 70க்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் இருந்தால், ஆள் விழுங்கக்கூடியவராக இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மறுபக்கம், முந்நூறுக்கு மேல் காட்டி, வாந்தியோ மூச்சிரைப்போ மயக்கக் குணமோ இருந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

கரையோரத் தரவு (திருகோணமலை நகர்) எழுதுகிறார்:

மேலே அக்கா தன் அனுபவத்தைச் சொன்னார். ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். நான் சுகாதாரத் தகவல் துறையில் வேலை செய்பவன். செயலி செய்யத் தெரிந்தவர்களுள் ஒருவன் என்பதால், என் சொந்தத் தொழிலுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன் என்றும் கொள்ளலாம்.

வங்காளதேசத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்தில் 96 கிராமங்களை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் முன்னின்று மாதந்தோறும் 18 மாதங்கள் கூட்டம் நடத்தினார். அங்கே மக்கள் தங்கள் ஊரில் நீரிழிவு ஏன் பெருகுகிறது என்று தாங்களே பேசி, தாங்களே வழி வகுத்தார்கள். இரண்டாவது பிரிவுக்கு வாரத்துக்கு இரண்டு முறை 14 மாதங்கள் தொலைபேசியில் குரற்செய்தி போனது. மூன்றாவது பிரிவில் எதுவும் புதிதாகச் செய்யப்படவில்லை. கூட்டம் நடந்த கிராமங்களில் நீரிழிவும் அதற்கு முந்திய நிலையும் சேர்ந்த அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. குரற்செய்தி கேட்ட கிராமங்களில் நோயைப் பற்றிய அறிவு கூடியிருந்தது, நோய் குறையவில்லை. உங்கள் வட்ஸ்அப் குழுவில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைக் கொண்டு குறுஞ்செய்தியே வீண் என்று முடிவெடுப்பதும் தவறு. இந்தியாவின் தென்கிழக்குப் பகுதியில், நீரிழிவு வரும் தறுவாயில் இருந்த 537 ஆண்களை இரண்டு வருடங்கள் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 வீதமானவர்களுக்கும் பெறாதவர்களில் 27 வீதமானவர்களுக்கும் நீரிழிவு வந்தது. அது சிறிய வேறுபாடு அல்ல. ஆனால் அந்த ஆண்கள் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே நேரில் ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் இரத்தப் பரிசோதனையால் அறியப்பட்டிருந்தது. முகம் தெரிந்த ஒருவர் சொன்னதைத் தொலைபேசி நினைவூட்டும்போது அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. முகமே தெரியாமல் வரும் அறிவுரையை, காலை வணக்கப் படத்தோடு சேர்த்துத்தான் நம் சனங்கள் பார்க்கிறார்கள்.

எங்கள் நாட்டுக்கு நெருங்கிய சான்று இரத்த அழுத்தத்தில் கிடைத்திருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் நடந்த ஆய்வு அது. அவற்றுள் பாதி இடங்களில் அரச சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், வழமையான சிகிச்சை மட்டும் நடந்த இடங்களோடு ஒப்பிட, மேல் அழுத்தம் சராசரியாக 5 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. 2020இல் இது வெளியானது. அனுப்பப்பட்ட நோயாளியை ஏற்றுக்கொள்ள மறுமுனையில் ஆள் இருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எனவே உங்கள் தம்பியிடம் செயலி வேண்டுமா என்று யோசிக்குமுன், கிளினிக் பக்கத்தில் உங்கள் அழைப்பை எடுக்க ஒருவர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒரு பெயரும் ஓர் இலக்கமும் பெறுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணித்தியாலம் போதும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வரைபடமும் உங்கள் தொலைபேசிக்குள்ளேயே கிடக்கும். அது கிடைத்துவிட்டால் ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பே போதுமானது. இணையம் இல்லாத நேரத்திலும் அது திறக்கவேண்டும் என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள், வெருகல் பக்கம் போனால் எனக்குச் சிக்னல் கிடைத்ததைவிடக் கிடைக்காத நாட்கள்தான் அதிகம்.

இன்னுமொரு காரணத்துக்காகவும் உங்கள் பட்டியல் பெறுமதியானது. 2005, 2006 காலத்தில் நடந்த ஆய்வில், இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகவும், அவர்களில் மூன்றிலொருவருக்கு மேல் அதை அறியாமலே இருந்ததாகவும் கண்டார்கள். பல வருடங்களாக எல்லோரும் அந்த எண்ணைத்தான் எடுத்துச் சொன்னோம். அந்த ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே நம் பக்கத்து நிலையை அது சொல்லவில்லை.

கடைசியாக, இரகசியம் பற்றி. ஒருவருடைய சீனி அளவை வட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. சட்டத்தை விடுங்கள், கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் "தாய்க்கும் சீனி, தமக்கைக்கும் சீனி" என்ற கதை எப்படிப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொலைபேசிக்குக் கடவுச்சொல் போடுங்கள், பட்டியலில் பெயர் சேர்க்குமுன் அந்த ஆளிடம் சம்மதம் கேளுங்கள்.

கடலூரான் மகள் (கிண்ணியா) எழுதுகிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சுகாதாரத் துறையில் இல்லை. வாப்பாவுக்குப் பதினாறு வருடமாக நீரிழிவு. நோயாளி வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலும் அயலிலும் நோன்பு பிடிப்பவர்கள் இருப்பார்கள். ரமழான் வந்தால் வாப்பா மாத்திரையை இரவில் மொத்தமாகப் போட்டுக்கொள்வார், அல்லது பகல் மாத்திரையை விட்டுவிடுவார், எதையும் எங்களிடம் சொல்லமாட்டார். வைத்தியரிடம் சொன்னால் நோன்பைத் தடுத்துவிடுவார் என்ற பயம். ஒரு வருடம் அஸர் (பின்னேரத்) தொழுகைக்குப் பிறகு வியர்த்து விழுந்தார். விரலில் குத்தினால் நோன்பு முறிந்துவிடும் என்று நினைத்து, விழுந்த பிறகும் எங்களைக் குத்த விடவில்லை. பிறகு எங்கள் பள்ளிவாசல் மௌலவி அதனால் நோன்பு முறியாது என்று விளக்கிச் சொன்னதும்தான் இறங்கி வந்தார்.

அதற்கடுத்த வருடம் எங்கள் குடும்பநல மிஸ்ஸி ஒரு வேலை செய்தார். நோன்புக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, நீரிழிவு உள்ள வீடுகளுக்கு அழைத்து, "நோன்பு பிடிக்க விருப்பமா, அப்படியென்றால் இந்தத் தவணைக்கு வாருங்கள், மருந்து நேரத்தை வைத்தியர் மாற்றித் தருவார்" என்றார். தடுக்கவில்லை, வரச் சொன்னார், அவ்வளவுதான். வாப்பா போனார். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ முந்நூறுக்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை, மௌலவியிடம் கேட்டு, மௌலவியின் குரலிலேயே பதிந்து வாப்பாவின் தொலைபேசியில் வைத்திருக்கிறேன். எழுத்தை அவர் வாசிக்கமாட்டார். என் குரல் என்றால் கேட்கவும் மாட்டார். செனகலில் 2014இல் அரசாங்கமே நோன்பு காலத்துக்கென நீரிழிவுக் குறுஞ்செய்திகளை அனுப்பத் தொடங்கியது என்று பிறகு வாசித்தேன், ஆகவே இது எங்கள் ஊர்ப் புதுமை ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: எல்லா நாளும் செய்தி அனுப்பாமல், ஊருடைய நாட்காட்டியைப் பார்த்து அனுப்புங்கள். உங்கள் பக்கம் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் வெருகல் ஊடாக வெறுங்காலோடுதானே நடக்கிறார்கள்? அவர்களுக்குள் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்று யாராவது முன்கூட்டிக் கேட்கிறார்களா?

வெள்ளைச் சப்பாத்து (உப்புவெளி) எழுதுகிறார்:

மகள் நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறார். யாத்திரை முடிந்து வருபவர்களின் பாதங்களை நான் பார்த்திருக்கிறேன். நரம்பு விறைத்துப்போனவருக்குச் சுடுமணலும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது, கொப்புளம் உடைந்து நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். போகவேண்டாம் என்று சொல்லி எவரையும் நான் தடுத்து வென்றதில்லை. "மாலையில் பாதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்பக்கூடும். உங்கள் தொலைபேசிக்கு இது உண்மையிலேயே பொருத்தமான வேலை. வெளிச்சத்தில், கழுவித் துடைத்த பாதத்தை, உள்ளங்காலும் விரல் இடுக்குகளும் தெரிய எடுக்கவேண்டும். படத்தைப் பார்த்து நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சிவப்போ, கறுப்போ, நீரோ தெரிந்தால் அன்றைக்கே ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பிவையுங்கள்.

இன்னொரு கூட்டத்தை நீங்கள் மறந்துவிடக்கூடாது. கர்ப்பகாலத்தில் சீனி இருந்து, பிள்ளை பிறந்த பிறகு "சரியாகிவிட்டது" என்று விட்டுவிட்ட தாய்மார். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்திலிருந்து அவர்களுக்கு மீண்டும் பரிசோதனை செய்யவேண்டும், அதன் பிறகும் காலத்துக்குக் காலம் பார்க்கவேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாத அதே தாய் தன்னுடைய இரத்தத்தைக் கொடுக்க வருவதில்லை. அவர்களுடைய பெயர்கள் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இளம் பெண்கள் என்பதால் அவர்கள் தொலைபேசியும் தொடுதிரைதான், வாசிக்கவும் செய்வார்கள்.

கொட்டியாரக்கரை (மூதூர்) எழுதுகிறார்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில்களை அச்செடுத்து ஐந்து பேரும் சேர்ந்து வாசித்தோம். தம்பியிடம் இப்போதைக்குச் செயலி வேண்டாம், அட்டவணைக் கோப்பு ஒன்றை ஒழுங்குபடுத்திக் கடவுச்சொல் போட்டுத் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். அவருக்குச் சற்று மனவருத்தம்தான். வட்ஸ்அப் குழுவை மூடவில்லை, ஆனால் அதில் இனிமேல் கிளினிக் திகதியும் மருந்து வந்த செய்தியும் மட்டும் போடுவோம். சமையல் குறிப்புகளை மாதக் கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

பட்டியலைத் தொடங்கி முதல் வாரம் எல்லோருக்கும் அழைத்தபோது, "மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது" என்ற ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் எங்களைத் திகைக்க வைத்தன. கணவனும் மனைவியும் ஒருவருடைய மாத்திரையை இருவராகப் பங்கிட்டுப் போடும் வீடு ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டி மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் சேமித்து வைத்திருக்கிறார், கிளினிக் இல்லாத காலம் வந்தால் தேவைப்படுமாம். போர்க்காலத்துப் பழக்கம், அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

விரல் இழந்த ஐயாவின் வீட்டுக்கும் போனோம். கடற்றொழிலாளர் சங்கத்தில் பேசி, அவரைப்போலக் காலையில் வரமுடியாதவர்களின் பெயர்களை ஒரு கடிதமாகப் பணிமனைக்குக் கொடுக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். மாதத்தில் ஒரு நாளாவது பின்னேரக் கிளினிக் வைக்க முடியுமா என்று கேட்கப்போகிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன். ஒரு சிறு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது: குத்திய ஊசிகளை நாங்கள் இதுவரை குப்பையோடு சேர்த்து எரித்துவந்தோம், அது சரியா?

வெள்ளைச் சப்பாத்து (உப்புவெளி) எழுதுகிறார்:

சரியல்ல, தங்கச்சி. ஊசியைத் தனியே சேர்க்கவேண்டும். தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை, திருகுமூடி உள்ளதாகப் பார்த்து எடுத்து, குத்திய உடனே அதற்குள் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் ஊடாக வைத்தியசாலைக் கழிவோடு சேர்ப்பியுங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியைத் தேய்த்துத் துடைத்து இன்னொருவருக்குப் பாவிக்கும் வழக்கம் எங்கேயாவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. கடிதத்தைக் கொடுக்குமுன் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்ட திகதியை அதில் எழுதி ஒப்பம் வாங்க மறக்கவேண்டாம்.